மறதி: காலம் தின்கிறதா, அடுத்த பாடம் தின்கிறதா?

கேள்வி: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தாய், மே 18

மகன் உயர்தரம், உயிரியல் பிரிவு. காலையில் ஒரு சேரிடம் தாவர ஓமோன், பின்னேரம் இன்னொரு சேரிடம் மனித ஓமோன். இரவு கேட்டால் ஒட்சின் எது, ஒட்சிரோசின் எது, தைரொட்சின் எது என்று தெரியாமல் முழிக்கிறான். காலைப் பாடம் மத்தியானம் வரை சரியாகத்தான் இருந்தது, நானே கேட்டுப் பார்த்தேன். மூளை நிரம்பிவிட்டது, ஒன்றைப் போட்டால் ஒன்று வழிகிறது என்கிறார் இவனுடைய அப்பா. ஒரு வகுப்பை நிறுத்துவதா?

மே 18, இரவு

நிரம்பவில்லை அக்கா. நிரம்பி வழிகிறதென்றால் கிரிக்கெட் ஸ்கோர், படப் பாட்டு, கூட்டாளிமாரின் பட்டப்பெயர் எல்லாம் சேர்ந்தே வழிந்திருக்க வேண்டும். மகனிடம் கேட்டுப் பாருங்கள், அதெல்லாம் பத்திரமாக இருக்கும். போனது ஒட்சின் மட்டும்தான்.

பின்னேரம் வந்த பாடம் காலைப் பாடத்தைப் போலவே இருந்ததுதான் வினை. இரண்டும் ஓமோன், பெயர்களும் ஒரே ஓசை, பரீட்சையில் கேட்பதும் ஒன்றேதான்: எங்கே சுரக்கிறது, என்ன செய்கிறது. 'ஓமோன்' என்று மனதைத் தட்டினால் இரண்டு பட்டியலும் சேர்ந்து எழும்பி வருகின்றன. இதற்குக் குறுக்கீடு என்று பெயர். பின்னால் படித்தது முன்னால் படித்ததை மறித்தால் பின்னோக்கிய குறுக்கீடு, பழையது புதியதை மறித்தால் முன்னோக்கிய குறுக்கீடு. இந்த இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்ளாத ஆளை நான் கண்டதில்லை. அதனால் இனிமேல் 'புதியது மறிப்பது', 'பழையது மறிப்பது' என்றே எழுதுகிறேன்.

1931இல் மெக்கியோக், மெக்டொனால்ட் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரு சொற்பட்டியல் பாடமாகும்வரை கொடுத்தார்கள். அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஆளுக்கொரு வேலை: சிலர் நகைச்சுவைத் துணுக்கு வாசித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள், சிலர் இலக்கங்களைப் பாடமாக்கினார்கள், சிலர் முதல் பட்டியலோடு சம்பந்தமில்லாத சொற்களை, சிலர் எதிர்ச்சொற்களை, சிலர் அதே பொருள் தரும் சொற்களை. துணுக்கு வாசித்தவர்களுக்கு முதல் பட்டியல் நன்றாக ஞாபகம் இருந்தது. இலக்கம் படித்தவர்களுக்குப் பெரிய சேதமில்லை. ஒரே பொருள் சொற்கள் படித்தவர்கள்தான் மோசமாக விழுந்தார்கள். இடையில் போனது எல்லோருக்கும் அதே நேரம்தான்.

வகுப்பை நிறுத்த வேண்டாம். பின்னேர வகுப்பை வேறு நாளுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

மே 19, கடை திறக்கமுன்

காத்தான்குடிக் காக்கா (அண்ணன்) ஒருவர், "காலம் போகப்போக எல்லாம் மங்கும், இதற்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று எழுதியிருக்கிறார்.

காக்கா, நான் கல்முனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறவன். கடல் நடந்துபோகும் தூரம். முன்வாசலில் திறந்து வைத்த வயர் ஆணி ஒரு மாரிக்குத் தாங்காது, செங்கல் நிறமாகிவிடும். அதே லொறியில் வந்த ஆணி எண்ணெய்த் தாளுக்குள் உள்ளறையில் கிடந்தால் எடுக்கும்போது மினுங்கும். இரண்டுக்கும் போன காலம் ஒன்றுதான். தின்றது உப்புக் காற்று.

உவமை என்னுடையதில்லை. மேலே சொன்ன அதே மெக்கியோக் 1932இல் இரும்பும் துருவும் என்று சொல்லித்தான் வாதாடினார். காலம் போகிறது என்பது ஒரு காரணமே அல்ல, அந்தக் காலத்துக்குள் என்ன நடந்தது என்று காட்டு என்றார். நான் சேர்த்தது கல்முனையை மட்டும்.

மே 19, மத்தியானம்

கடைக்காரனுக்குப் பெரிய தொல்லை மற்றதுதான்: பழையது புதியதை மறிப்பது.

ஆயிரத்துச் சொச்சத்தில் கிடந்த சீமெந்துப் பை 2022இல் மூவாயிரத்தை நெருங்கியது. ஒரே பாய்ச்சலில் இல்லை, படிப்படியாக. கட்டுக்கம்பி, ஆணி, தகரம், பைப் சாமான் எல்லாம் அப்படித்தான். முதல் விலையேற்றம் சுலபமாக மனதில் நின்றது. இரண்டாவதும் நின்றது. அதற்குப் பிறகு "அரை அங்குல எல்போ எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் வாயில் வருவது எந்தக் கிழமை விலை என்று எனக்கே தெரியாது. விலை மறந்துபோய்விட்டது என்று சொல்ல மாட்டேன். எல்லா விலையும் ஞாபகம் இருந்தது, அதுதான் கரைச்சல். கடைசியில் முதலாளி ஒரு காட்போட் மட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கவிட்டார். விலை மாற மாற அதையும் வெட்டி வெட்டி எழுதி, மட்டையைப் பார்த்தாலும் அதே குழப்பம்.

ஒரே ஒரு சாமானில் மட்டும் நாக்குத் தடுமாறவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் போடும் ஒரு வால்வு, நெருக்கடி தணிந்த பிறகுதான் எங்கள் கடைக்குப் புதிதாக வந்தது. அதற்குப் பழைய விலை என்று ஒன்று கிடையாது.

மே 20

சாய்ந்தமருது டீச்சர் மறதி வளைகோட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். 1885இல் ஹெர்மன் எபிங்கவுஸ் வெளியிட்டது. ஒரு மணித்தியாலத்தில் பாதிக்கு மேல் போய்விடும், ஒரு நாளில் மூன்றிலொன்றுதான் மிஞ்சும், ஒரு மாதத்தில் ஐந்திலொன்று. "இது காலம் இல்லாமல் வேறென்ன?" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி டீச்சர். ஆனால் அந்த வளைகோடு யாருடையது? எபிங்கவுஸ் ஒரேயொரு ஆளைத்தான் சோதித்தார், தன்னை. பொருளில்லாத அசைகள் ஏறத்தாழ 2300 செய்து, அவற்றையே மாற்றி மாற்றி அடுக்கி, வருடக்கணக்கில் பட்டியல் பட்டியலாகப் பாடமாக்கிய மனிதர். என் எல்போ விலையைப்போல ஆயிரம் மடங்கு.

1957இல் பென்டன் அண்டர்வுட் இதைத்தான் பிடித்தார். முந்தைய ஆய்வுகளில், ஒரு பட்டியலைப் படித்த ஆள் அடுத்த நாள் முக்கால்வாசியை மறந்துவிடுகிறார் என்று இருந்தது. அந்த ஆட்கள் யார் என்று போய்ப் பார்த்தால், அதே ஆய்வுகூடத்தில் அதற்கு முன்பே பட்டியலுக்கு மேல் பட்டியல் படித்தவர்கள். முன்னர் எதுவும் படிக்காமல் ஒரு பட்டியலை மட்டும் படித்தவர்கள் மறந்தது கால்வாசி அளவுதான். இருபத்துநான்கு மணித்தியாலம் இரண்டு கூட்டத்துக்கும் பொது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எபிங்கவுஸ் அளந்தது திரும்பப் படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. அண்டர்வுட் எண்ணியது ஞாபகம் வந்த சொற்களை. இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்து நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஆனாலும் அந்த வளைகோட்டை 'மனித மறதி' என்று சுவரில் ஒட்டிவைக்கும்போது அது எப்படிப்பட்ட ஆளின் மறதி என்றும் பக்கத்தில் எழுதலாம்.

மே 20, பின்னேரம்

டீச்சர் விடுகிறவர் இல்லை. "18 செக்கன் ஆய்வுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்கிறார்.

தெரியாதவர்களுக்கு: 1959இல் பீட்டர்சன் தம்பதியர் மூன்று எழுத்தைக் காட்டி, உடனே ஒரு இலக்கத்திலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். மூன்று எழுத்தையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருக்க விடாமல் செய்ய அது. 18 செக்கன் கழித்துக் கேட்டால் பத்தில் ஒன்றுதான் சரியாக வந்தது. மூன்று எழுத்து, 18 செக்கன், காணாமல் போய்விட்டது. காலம்தான் அழித்தது என்று அப்போது பலரும் நம்பினார்கள்.

1962இல் கெப்பலும் அண்டர்வுட்டும் ஒரு சின்ன வேலை செய்தார்கள். முதல் தடவையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். முதல் மூன்று எழுத்தை 18 செக்கன் கழித்தும் கிட்டத்தட்ட யாரும் மறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது என்று போகப்போகத்தான் மறதி ஏறுகிறது. முன்னால் வந்த எழுத்துகள் பின்னால் வந்தவற்றை மறிக்கின்றன. நான் இதை வாசித்தபோது கடையில் ஆள் நிற்பதையும் மறந்துபோனேன், அது குறுக்கீடு இல்லை, வெறும் கவனயீனம்.

மே 22, இரவு

கூத்தைப் பற்றி எழுதாமல் இருக்க ஒண்ணாது.

எங்கள் ஊர் படுவான்கரை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே. என் மாமா, அம்மாவின் தம்பி, இளவயதில் ஒரு வடமோடிக் கூத்தில் அருச்சுனனுக்கு ஆடினார். எங்கள் கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. இடையில் ஒரு தென்மோடி. பிறகு பல வருடம் கழித்து இன்னொரு வடமோடியில் கர்ணன். சட்டம் கொடுத்த, அதாவது ஆளுக்குரிய பாட்டைப் பிரித்துக் கொடுத்த, நாளிலிருந்து கொப்பியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார். வயலில் வரம்பில் நின்றபடியே விருத்தம் இழுப்பார், கொக்கெல்லாம் எழும்பும்.

அரங்கேற்றத்துக்கு முந்திய ஒத்திகையாக அடுக்குப் பார்த்த இரவு நான் ஆடும் களரிக்குப் பக்கத்தில் இருந்தேன். கர்ணனுடைய விருத்தத்தை எடுத்தார், கம்பீரமாக எடுத்தார். இரண்டாவது அடியில் அருச்சுனன் வந்துவிட்டான். இரண்டு விருத்தமும் ஒரே மெட்டு, தொடங்கும் விளியும் கிட்டத்தட்ட ஒன்று. கர்ணன் வாயால் கர்ணனையே கொல்லப்போவதாகச் சபதம் பாடிக்கொண்டிருக்கிறார். பிற்பாட்டுக்காரர்களும் பழைய ஆட்கள், அவர்களும் சேர்ந்து இழுத்துவிட்டார்கள். கொப்பி பார்த்து அடி எடுத்துக் கொடுக்கும் ஏட்டண்ணாவியார் அதை மூடி முழங்காலில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார். அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தவில்லை, வலது கை மட்டும் மெதுவாக, மாமாவைப் பார்த்து "மறுகா?" (அப்புறம்?) என்றார்.

இதில் நான் பார்த்த விஷயம் வேறு. மூன்றிலும் நடுவில் ஆடிய தென்மோடி ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை. காலக்கணக்கில் பார்த்தால் அருச்சுனனைவிட அதுதான் கர்ணனுக்குக் கிட்ட. ஆனால் தென்மோடியின் தாளக்கட்டு வேறு, ஆட்டம் வேறு, பாட்டை இழுக்கும் விதமும் வேறு. ஒத்ததுதான் ஒத்ததை மறிக்கிறது. மெக்கியோக் பட்டியலில் கண்டது எங்கள் களரியில் சதங்கை கட்டி ஆடியது.

இன்னொன்று. போன வருடம் மாமாவிடம் வீட்டுத் திண்ணையில் வைத்து அந்தக் கர்ணன் பாட்டுகளைக் கேட்டேன், கைத்தொலைபேசியில் பதிவு செய்ய. முதல் அடி வந்தது, மீதி இல்லை. "போயிற்று மகன், எல்லாம் போயிற்று" என்றார். பக்கத்துவீட்டுப் பெடியன் மத்தளம் பழகுகிறவன், வந்து கர்ணன் களரிக்குள் வரும்போது அடிக்கும் வரவுத் தாளத்தை அடித்தான். மாமா எழும்பவில்லை. குதிக்கால் மட்டும் சீமெந்துத் தரையில் தட்டத் தொடங்கியது. அப்புறம் அந்தத் தரு, அதாவது கூத்துப் பாட்டு, முழுவதும் வந்தது, அதற்கடுத்த தருவும் வந்தது.

1971இல் டல்விங், சொட்கா என்ற இருவர் செய்த ஆய்வு இதேதான். 24 சொல் கொண்ட பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் ஆறு வகை, வகைக்கு நான்கு சொல். முதல் பட்டியலுக்குப் பிறகு எத்தனை பட்டியல் படிக்கிறார்களோ அந்த அளவுக்கு முதல் பட்டியல் மறந்துபோகிறது. சரியான 'புதியது மறிப்பது'. பிறகு வகைகளின் பெயரை மட்டும் சொன்னார்கள். பெரும்பாலான சொற்கள் திரும்பி வந்துவிட்டன, இடையில் ஒரு பட்டியல் படித்தவர்களுக்கும் ஐந்து படித்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல். சொற்கள் அழியவில்லை, போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

மே 23

"படித்துவிட்டு உடனே படுத்தால் நல்லதாமே, இதை அம்மாவிடம் காட்டலாமா?" என்று ஒரு தம்பி.

காட்டலாம். 1924இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸும் டலென்பாக்கும் இரண்டு மாணவர்களை ஆய்வுகூடத்திலேயே தங்கவைத்தார்கள். பத்து அசை படித்துவிட்டு உறங்கினால் எட்டு மணித்தியாலத்துக்குப் பின் ஐந்தாறு ஞாபகம் இருந்தது. அதே எட்டு மணித்தியாலம் விழித்துத் திரிந்தால் ஒன்று இருந்தால் பெரிது.

அதோடு விடவில்லை. 1946இல் டலென்பாக் இன்னொருவரோடு சேர்ந்து கரப்பான் பூச்சிகளுக்குப் பாடம் எடுத்தார். நிஜமாகத்தான். இருட்டுப் பக்கம் போனால் மின்சாரம் அடிக்கும் என்று அவற்றுக்குப் பழக்கி, சிலவற்றை மெல்லிய தாள் விரித்த ஒடுக்கமான பெட்டியில் விட்டார்கள். அங்கே போனால் கரப்பான் அசையாமல் கிடக்குமாம். மற்றவற்றை ஓடவைத்தார்கள். அசையாமல் கிடந்தவை பாடத்தைக் கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தன. தம்பி, இதையும் அம்மாவிடம் காட்டினால் "கரப்பானுக்கு இருக்கும் புத்தி உனக்கு இல்லை" என்பார், யோசித்துக் காட்டு.

மே 25

நேற்று முழுவதும் இந்த உறக்க விஷயத்தையே யோசித்தேன். மேலே எழுதியதை வாசிக்கும் ஒருவர், உறங்கினால் புதிதாக எதுவும் வராது, குறுக்கீடு இல்லை, அதனால் மறதி இல்லை என்று கணக்கை முடித்துவிடுவார். கணக்கு அவ்வளவு சின்னதில்லை.

1900இல் ஜெர்மனியில் முல்லரும் பில்செக்கரும்தான் 'புதியது மறிப்பதை' முதலில் ஆய்வுகூடத்தில் காட்டியவர்கள். அவர்கள் சொன்ன காரணம் வேறு. படித்த பிறகும் மனம் சற்று நேரம் அதையே உருட்டிக்கொண்டிருக்கிறது, அப்போதுதான் அது உறைகிறது. அந்த நேரத்தில் வேறு வேலை கொடுத்தால் உறைவது குழம்பும். அந்த வேலை முதல் பாடத்தைப்போல இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உறக்கத்திலோ மூளை சும்மாவும் இருப்பதில்லை. எலி பகலில் ஓடிய பாதையை உறக்கத்தில் அதன் மூளைக் கலங்கள் மறுபடி ஓட்டுவதை 1994இல் பதிவு செய்தார்கள்.

ஆக இரண்டு விதமான சேதம். ஒன்று, எடுக்கும்போது ஒத்தவை முண்டியடிப்பது: மாமாவின் விருத்தம், என் எல்போ. மற்றது, உறையும் முன்னே கலக்கிவிடுவது. இரண்டையும் ஒரே பெயரில் குறுக்கீடு என்று அழைப்பதால்தான் பாதிச் சண்டை.

இரண்டாவதற்கு ஒரு ஆய்வு என்னை அசைத்துவிட்டது. 2004இல் கோவன், பெஸ்சின், டெல்லா சாலா ஆகியோர் கடுமையான மறதி நோயாளர்கள் ஆறு பேரைச் சோதித்தார்கள். சொன்னது பத்து நிமிடம்கூட நிற்காத ஆட்கள். சொற்களைக் கேட்க வைத்துவிட்டு, இருட்டான அமைதியான அறையில் எந்த வேலையும் கொடுக்காமல் விட்டார்கள். ஆறு பேரில் நால்வருக்கு ஞாபகம் பல மடங்கு கூடியது. உள்ளே எதுவுமே தங்காது என்று கைவிடப்பட்டவர்கள்.

சுகதேகிகளிடமும் 2012இல் பார்த்திருக்கிறார்கள். ஒரு கதையைக் கேட்டுவிட்டுப் பத்து நிமிடம் கண்ணை மூடிச் சும்மா இருந்தவர்கள், அந்த நேரத்தில் வேறு விளையாட்டு விளையாடியவர்களைவிட ஒரு கிழமைக்குப் பிறகும் கூடுதலாகச் சொன்னார்கள். எங்கள் பிள்ளைகள் ரியூசன் வாசலைத் தாண்டமுன் போனை எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை பஸ்ஸிலாவது சும்மா விடலாம்.

மே 26

சுனாமி நாள் எனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று காரைதீவுத் தம்பி கேட்டதற்குச் சுருக்கமாக.

2004 டிசம்பர் 26 காலை நான் பார்த்தது எது, பிறகு கேட்டது எது, தொலைக்காட்சியில் பார்த்தது எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. தண்ணீர் வந்த நிறம் ஒன்று மனதில் இருக்கிறது. நான் நின்ற இடத்திலிருந்து அதைப் பார்த்திருக்க முடியாது என்று என் மனைவி சொல்கிறார், அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. முகாமில் ஆளாளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன கதைகள் எல்லாம் உள்ளே போயிருக்கின்றன.

எலிசபெத் லொஃப்டஸ் 1978இல் ஒரு விபத்தைப் படங்களாகக் காட்டி, பின்னர் கேட்ட கேள்வி ஒன்றுக்குள் வேறொரு வீதி அடையாளத்தை நுழைத்துவிட்டார். படத்தில் இருந்தது 'நில்' பலகை, கேள்வியில் வந்தது 'வழிவிடு' பலகை. பலர் 'வழிவிடு' பலகையைத்தான் பார்த்ததாகச் சொன்னார்கள். பின்னால் வந்த தகவல் முன்னால் பார்த்ததின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. மற்ற குறிப்புகளில் எழுதியது மறப்பது பற்றி, இது மறந்தது தெரியாமலே இருப்பது. இதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனமில்லை.

மே 29

கோயிலில் வைகாசிச் சடங்கு, கதவு திறந்தாயிற்று, வீடு நிறைய ஆள். அதனால் இந்தக் குறிப்பு.

என் அம்மா என்னைக் கூப்பிடும்போது முதலில் தம்பியின் பெயர், பிறகு அண்ணனின் பெயர், அப்புறம்தான் என் பெயர். நேற்று நாயின் பெயரும் இடையில் வந்தது. மருமகள் பயந்துபோய் "மாமிக்கு மறதி நோய் தொடங்கிவிட்டதா?" என்று என்னிடம் கேட்கிறார்.

இது நோய் இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2016இல் ஒரு ஆய்வு வந்தது, பெயர் மாற்றிக் கூப்பிடுவது பற்றியே. குடும்பத்து ஆளைக் குடும்பத்து ஆளின் பெயராலும், கூட்டாளியைக் கூட்டாளியின் பெயராலும்தான் மாற்றுகிறார்கள். முகச் சாயல் ஒத்திருக்க வேண்டியதில்லை. இளைஞர்களும் செய்கிறார்கள். நாயின் பெயரும் குடும்பப் பட்டியலில் சேர்ந்திருந்ததாம், பூனைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "நாய்தான் கூப்பிட்டால் வரும்" என்றார்.

ஆனால் எல்லாவற்றையும் குறுக்கீட்டின் தலையில் கட்டக்கூடாது. கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் மறுபடி மறுபடி கேட்பது, நடந்து பழகிய ஒழுங்கையில் வழி தவறுவது, தேநீர் போடும் வேலையின் ஒழுங்கு தெரியாமல் நிற்பது, இவை வேறு. அப்படியென்றால் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள், இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

ஜூன் 1

அக்கரைப்பற்று அக்கா மறுபடி எழுதியிருக்கிறார். பின்னேர வகுப்பை மாற்றமுடியாதாம், சேர் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, வேறு வழி பார்ப்போம்.

முதலில், விடயத்தை மாற்றினால் அடைப்பு விடும். டெலொஸ் விக்கென்ஸ் என்பவர் இதைத் திரும்பத் திரும்பக் காட்டினார். தொடர்ந்து பழங்களின் பெயரையே கொடுத்தால் சுற்றுக்குச் சுற்று ஞாபகம் விழுகிறது. நான்காவது சுற்றில் தொழில்களின் பெயரைக் கொடுத்தால் சட்டென்று ஏறுகிறது. மகன் இரண்டு ஓமோன் வகுப்புக்கும் நடுவில் தமிழ் வாசிக்கட்டும், கணக்குச் செய்யட்டும். தூங்கினாலும் சரி.

இங்கேதான் எனக்கு ஒரு இடறல். ஒத்தவற்றைத் தூரத் தூர வை என்று மேலே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் 2008இல் கோர்னெல், பியோர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறுவிதமாகக் கண்டார்கள். பன்னிரண்டு ஓவியர்களின் படங்களை, ஓவியர் ஓவியராக அடுக்கிக் காட்டுவதைவிடக் கலந்து காட்டியபோது, புதுப் படம் யாருடையது என்று கண்டுபிடிப்பது நன்றாக வந்தது. கலந்து பார்த்தவர்களில் பெரும்பாலானோர் அடுக்கிப் பார்ப்பதுதான் நல்லது என்று நினைத்தார்கள், அது இன்னொரு வேடிக்கை. ஒத்தவற்றைப் பக்கத்தில் வைத்தால் அவை எங்கே வேறுபடுகின்றன என்பது கண்ணில் படுகிறது.

என் தீர்ப்பு: தனித்தனிப் பட்டியலாகப் பாடமாக்குவதானால் தூரத்தில் வை. வித்தியாசம் தெரியவேண்டுமானால் வேண்டுமென்றே பக்கத்தில் வை. மகன் ஒரு தாளில் கோடு போட்டு ஒட்சினையும் ஒட்சிரோசினையும் எதிரெதிரே எழுதட்டும். ஒன்று தாவரத்தில் கலங்களை நீட்டுவது, மற்றது மூளையடியிலிருந்து வந்து பிரசவத்தில் கருப்பையைச் சுருக்குவது. தைரொட்சின் மூன்றாம் நிரலில், கழுத்துச் சுரப்பி. ஒரு தரம் சண்டை பிடிக்க விட்டால் பிறகு அடங்கி இருக்கும்.

கடந்தகால வினாத்தாள் பற்றியும் ஒரு எச்சரிக்கை. 1994இல் அன்டர்சனும் பியோர்க் என்ற பெயருள்ள இருவரும் சேர்ந்து காட்டியது: ஒரு வகையில் பாதியை மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்திப் பழகினால், அதே வகையில் பழகாத மற்றப் பாதி, தொடவே தொடாத வேறு வகைகளைவிடவும் கீழே போய்விடுகிறது. பழகியது ஏறும்போது கூடப்பிறந்ததை அமுக்குகிறது. இந்த அமுக்கம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆனாலும் வழமையாகக் கேட்கும் ஐந்து ஓமோனை மட்டும் மாறி மாறிச் செய்துவிட்டு, பரீட்சையில் ஆறாவது வந்தபோது "படித்தேன், வரவில்லை" என்று அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். பொய் சொல்லவில்லை பிள்ளைகள்.

ஜூன் 3

காத்தான்குடிக் காக்கா இன்னும் இறங்கி வரவில்லை. "ஆய்வுகூடத்தில் அசை, பட்டியல் என்று விளையாடுகிறார்கள், வாழ்க்கையில் காட்டு" என்கிறார்.

1977, பிரித்தானியா, ரக்பி விளையாட்டுக்காரர்கள். பட்லியும் ஹிச்சும் அந்தப் பருவத்தில் எந்தெந்த அணிகளோடு ஆடினீர்கள் என்று கேட்டார்கள். காயத்தால் சிலர் பல போட்டிகளைத் தவறவிட்டிருந்தார்கள். அதனால் ஒருவருக்குக் கடைசிக்கு முந்தைய போட்டி போன கிழமை, இன்னொருவருக்கு அதே போட்டிக் கணக்கு இரண்டு மாதத்துக்கு முன். மறதி போனது நாட்களின் எண்ணிக்கையோடு இல்லை, இடையில் ஆடிய போட்டிகளின் எண்ணிக்கையோடு.

காக்கா, அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள். 2016இல் வந்த பன்னிரண்டு இலக்கத்தில் பழைய ஒன்பதும் அப்படியே இருக்கிறது. முன்னால் 19, நடுவில் ஒரு சுழியம், கடைசி எழுத்து இல்லை. எங்கள் கடையில் கடனுக்கு எழுதும் ஆட்கள் புது இலக்கத்தைத் தொடங்கி, அந்தச் சுழியத்தை விட்டுவிட்டுப் பழையதற்குள் வழுக்கி, கடைசியில் 'வி' என்று முடிக்கிறார்கள். முழுக்கவே வேறு இலக்கம் கொடுத்திருந்தால் பாடமாக்கக் கஷ்டமாக இருந்திருக்கும், ஆனால் இப்படி வழுக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் 5

காக்காவின் பதில்: "அடையாள அட்டை சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் கொம்பியூட்டர் கடவுச்சொல்லை மாதத்துக்கு மாதம் மாற்றச் சொல்வது ஏன்?"

இதில் நானும் காக்காவும் ஒரே கட்சி. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017இலேயே, களவு போனதற்கு அறிகுறி இருந்தால் ஒழியச் சும்மா காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று வழிகாட்டியில் எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் ஆட்கள் பழையதன் வாலில் ஒரு இலக்கத்தைக் கூட்டிவிடுவார்கள். அப்புறம் வாலில் மூன்றா நான்கா என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். ஒத்தது ஒத்ததை மறிக்க இதைவிட நல்ல ஏற்பாடு யாராலும் செய்ய முடியாது.

எங்கள் முதலாளி அதை வாசித்தவர் இல்லை. மாதம் பிறந்தால் பில் போடும் கொம்பியூட்டருக்குப் புதுக் கடவுச்சொல். அதனால் அது பழைய விலை மட்டையின் பின்பக்கத்தில், பென்சிலால், முந்தைய மாதத்தை வெட்டிவிட்டு எழுதப்பட்டிருக்கிறது. கல்முனைப் பக்கம் சாமான் வாங்க வருபவர்கள் மட்டையைத் திருப்பிப் பார்க்காமல் இருந்தால் புண்ணியம்.